ஜன்னல் பக்கம் வரச் சொன்னது

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ஹேமலதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புனேயில் நீ எப்படி இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. போன் எடுப்பதில்லை, நல்லா இருக்கேன் என்று ஒரு வரி மெசேஜ் மட்டும் வருகிறது, அதைப் பார்த்துப் பார்த்து அம்மா பேஜாராகிறாள். தம்பி கார்முகிலனுக்கு ஷூ கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. போன வியாழக்கிழமை நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன், எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன்னைப் போல இந்த லூபஸ் வியாதி வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அங்கே மனத்தைத் தேற்ற மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. உன்னிடம் என்ன பேசுவது என்று கேட்கத்தான் போனேன். பேர்ணாம்பட்டு முனவ்வர் பேகம் என்று ஒரு அம்மா, பதினோரு வருஷமாக இதே வியாதி, எழுந்து சொன்னார், வலி கூட பழகிடுச்சுங்க, வூட்ல எல்லாரும் காலைல என் மூஞ்சியப் பாத்து செவப்பு ஜாஸ்தியா கம்மியான்னுதான் கேக்குறாங்க, என்னை யாரும் பாக்குறதில்ல என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முப்பத்தொரு வருஷமாக டேனரியில் தோல் தரம் பிரிக்கிறேன். தோல் கைக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்ததா, முள் கீறியதா, கத்தி பட்டதா என்று பழுதைத்தான் இந்தக் கண் தேடும். அதே கண்ணோடுதான் பெற்ற பெண்ணையும் பார்த்திருக்கிறேன். வீடியோவில் நீ வந்ததும் சாப்பிட்டாயா என்று கூடக் கேட்காமல், ஜன்னல் பக்கம் வா, இடது கன்னத்தைக் காட்டு, நேற்றைவிடச் சிவப்பு கூடியிருக்கிறதா என்று. வெயிலே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிள்ளையைத் தினம் வெளிச்சத்துக்கு இழுத்திருக்கிறேன், என் புத்தி எங்கே மேயப் போனதோ. உனக்கு ஆபீசில் பதவி உயர்வு வந்ததை நேற்று அம்மா சொல்லித்தான் தெரியும். கடைசியாகப் பேசிய அன்றைக்கே என்னிடமும் சொன்னாயாம். நான் உன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும், அதை நடத்தும் பிரிசில்லா அம்மாவிடம் உன்னை ஜன்னல் பக்கம் வரச் சொன்னதையெல்லாம் கொட்டினேன். எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க என்றார். அதனால்தான் எழுதுகிறேன். இந்த மாதிரிக் கூட்டம் அங்கேயும் இருக்குமாம், மனசிருந்தால் போய்வா, என்னைத் திட்டித் தீர்த்தாலும் சரி. அம்மா முழுக்கைச் சட்டை இரண்டு தைத்து அனுப்புகிறாள். மாத்திரை மறக்காதே என்று எழுத வந்தேன், நீ ஒரு நாளும் மறந்ததில்லை.

சோளிங்கர் நரசிம்மர் உனக்குத் துணை இருப்பார். இனி வீடியோ வேண்டாம், குரல் போதும். தோன்றும்போது கூப்பிட்டு, அந்தப் பதவி உயர்வுச் செய்தியை எனக்கு முதலிலிருந்து சொல்லம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
பரந்தாமன்