ஜீப்பில் கிடந்த ஜமுக்காளம்

மதினி,

இன்று காலை கடைவீதி முக்கில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு நின்றது. பின்சீட்டில் உங்கள் நீல ஜமுக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார்கள். நெருக்கி உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காதாம். நம் சாவடிக் கூட்டத்துக்கென்று நீங்கள் ஆசையாக வாங்கியதை, கூட்டத்துப் பெண்களே டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாவடியில் அதை முதன்முதலாக விரித்து, ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் எங்களையெல்லாம் வட்டமாக உட்கார வைத்தீர்கள். ஒருத்தி பேசி முடிக்கும்வரை அடுத்தவள் வாய் திறக்கக் கூடாது. யாரைப் பற்றிப் பேச்சோ அந்த ஆளும் கூட இருக்க வேண்டும் என்றீர்கள். குடிதண்ணீர்ப் பிரச்சினை அப்படிப் பேசித்தான் தீர்ந்தது. அந்தத் தெம்பில், ஜீப்பில் ஆட்களை அடைப்பதைப் பேச டிரைவரையே கூப்பிட்டீர்கள்.

"அவனக் கூப்பிடாதீக மதினி, நாளைக்கு ஏத்த மாட்டான்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"ஆளு இல்லாம பேசுனா அது பொறணி, தாயி" என்று சிரித்தீர்கள்.

வந்தான். நீங்கள் கொடுத்த டீயைக் குடித்தான். ஒவ்வொருத்தி சொன்னதற்கும் "சரித்தான் ஆத்தா" என்று தலையாட்டினான். மறுநாள், வாய் திறந்த அத்தனை பேரையும் ரோட்டில் நிறுத்திவிட்டுப் போனான்.

அடுத்த கூட்டத்தில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. "ஒன்னால எங்க சோலி போச்சு. அவன்ட்ட மன்னிப்புக் கேளு" என்று வரிசையாகச் சொன்னார்கள். உங்கள் சட்டப்படியே குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர்களைவிட உங்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். போய் மன்னிப்பும் கேட்டீர்கள். எல்லோரையும் உள்ளே ஏற்றிக்கொண்டவன், உங்களுக்குப் பின்படியில் தொங்கத்தான் இடம் கொடுத்தான். போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவில் உங்கள் கை நழுவியது; அதோடு போய்விட்டீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் தங்கள் பேரைச் சொல்லவே நடுங்கியவர்கள், ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கிடாமல், நிதானமாகச் சொன்னார்கள்: "உள்ள எடம் கெடந்துச்சுங்க. அவுகளாத்தான் படியில நின்னாக." எல்லாம் நீங்கள் பழக்கிய பேச்சு. உள்ளே மூச்சுவிட இடமில்லை என்று சொன்னவள் நான் ஒருத்திதான். அன்றோடு ஜீப்பில் எனக்கு இடமில்லை. இப்போது டவுனில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன்.

இன்று அந்தப் படியில் ஒரு புதுப் பெண் தொங்கினாள். நேரே டிரைவரிடம் போய், "அந்தப் பிள்ளைய உள்ள ஒக்கார வையி, இல்லேன்னா எறக்கி விடு" என்றேன். உங்களிடமிருந்து தொற்றிய பாழாய்ப்போன பழக்கம். முதுகுக்குப் பின்னால் பேச வரமாட்டேன் என்கிறது. அவன் ஹாரனை அழுத்தினான். தொங்கிக்கொண்டிருந்தவள்தான் பேசினாள்.

"வழிய விடுக்கா. சோலிக்கு நேரமாகுது."

ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாளைக்கும் போய் நிற்பேன், மதினி. உங்களைத் திட்டிக்கொண்டேதான் நிற்பேன்.