பல்மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று சலித்துக்கொள்ளாதே, மன்னித்துக்கொள். போனில் நீ சரிம்மா சரிம்மா என்றே முடித்துவிடுகிறாய், காகிதம் என்றால் கடைசிவரை படிப்பாய். இங்கே நாங்கள் இருவரும் நலம், இந்த முறை அது பேச்சுக்குச் சொல்வதில்லை, இன்று காலை அப்பா முழு முகத்துக்கும் சவரம் செய்துகொண்டார்.

உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. மூன்று மாதமாக அவருக்கு வலது கன்னத்தில் வலி. இத்தனை வருஷமும் தையல் மெஷினில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்தே அறுத்தவர் அல்லவா, பல்தான் காரணம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பல்லில் கோளாறு இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னதும், என் பல்லு எனக்குத் தெரியாதா என்று இன்னொருவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் போனது, வலி போகவில்லை. உன் சித்தப்பா, அண்ணே, அடுத்து மெஷின் ஊசியையும் பிடுங்கிப் பார்த்துடலாமா என்று கேட்டார், அதற்குச் சிரிக்கக்கூட அப்பாவால் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபேன் காற்று பட்டால், தண்ணீர் பட்டால், சவரக் கத்தி பட்டால், மென்றால், ஷாக் அடித்ததுபோல் சில நொடி, பிறகு ஒன்றுமில்லை. நான் வீட்டில் முதல் பட்டதாரி என்று பேர்தான், ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச வாய் வரவில்லை, எல்லாவற்றையும் சீட்டில் எழுதி நரம்பு டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டேன். அந்தம்மா படித்துவிட்டு, பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்களே என்றார். முக நரம்பில் வரும் வலியாம். ஸ்கேன் பார்த்து மாத்திரை தொடங்கினார்கள், இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. கொஞ்சம் தலைசுற்றல் உண்டு, அதற்காக மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாதாம்.

எழுந்து வரும்போது, நீ அடிக்கடி சொல்லும் தலைவலியைப் பற்றியும் கேட்டேன். ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சம் பிடிக்காமல் போனால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், அதற்கென்று மருந்து இருக்கிறதாம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். நேற்று நீ சாதாரணத் தலைவலிம்மா என்று சொல்லும்போதே மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வலிக்கும் நாளையும் போடும் மாத்திரையையும் தேதியோடு எழுதி வை, அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. திடீரென்று இதுவரை இல்லாத அளவு வலித்தாலோ, கைகால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ எழுதிக்கொண்டு உட்காராதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார்.

உன் அம்மா

டாக்டரைப் பார்க்கும் அன்றைக்கு நானும் வரட்டுமா? முன்பு உன்னைப் பார்க்க வருகிறேன் என்றதற்கு, என் தோழிகள் இருப்பாங்க, நீயெல்லாம் வர வேண்டாம்மா என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் தோழிகள் முன்னால் வந்து நிற்க மாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வா என்று மட்டும் எழுது.