புகை வாடை போகாத சட்டை

அன்புள்ள வெற்றிச்செல்விக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகந்தானே?

சூரத்தில் எங்கள் குடோனில் கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். ஆனால் பொங்கலுக்கு நீ அரியலூரில் எடுத்துக்கொடுத்த சட்டையிலிருந்து அந்த வாடை போகவே மாட்டேன் என்கிறது. சோப்புத்தூள் போட்டு மூன்று முறை துவைத்தாயிற்று. என்னோடு அறையில் இருக்கும் கீழப்பழுவூர் சுதர்சன், "தூக்கிப் போடுங்கண்ணே, கிட்ட நிக்க முடியல" என்கிறான். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஆப்பசோடாவில் ஊறவைப்பாயே, ஒரு வாளித் தண்ணீருக்கு எத்தனை கரண்டி? எவ்வளவு நேரம்? வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. வீடியோ கால் மட்டும் வேண்டாம், இங்கே சிக்னல் சரியில்லை.

கையெழுத்தைப் பார்த்து முதல் வரியிலேயே பயந்திருப்பாய். சட்டையைத் துவைக்கிற சுதர்சன்தான் இதையும் எழுதுகிறான். இரண்டு கையிலும் கட்டு. பிரிக்கப் பத்து நாள் ஆகுமாம். அம்மாவிடம் சொல்லாதே.

கலைமணி