கழனியில் கோபுர நிழல்

புரட்டாசி, திங்கள்
காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில், சாயங்காலம் மறுபடி மோடம். கோயிலுக்குக் கிழக்கே உள்ள கழனியில் நடவு தொடக்கம். இடுப்பு விட்டுப்போச்சு.

குனிந்தால் கழனித் தண்ணீரில் நம் கோயிலின் புது ஊசிக்கோபுரம் தலைகீழாக. உச்சிச் சிலுவை என் காலடியில். அதன்மேல் நாற்று ஊன்றக் கை வரவில்லை. ஏரிக்கரையில் நின்று பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். நம் சேரியில் இவ்வளவு உயரமா! இன்னும் நம்ப முடியவில்லை.

மேஸ்திரி இருட்டிய பிறகுதான் விட்டார். கைப்பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போய். மாமியார் வெல்லத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாராம். எனக்குப் பால் கட்டி வலி.

செவ்வாய்
உப்பு, விளக்குத் திரி வாங்க வேண்டும்.

இன்று அதிசயம். பொழுது சாய்வதற்கு முன்பே கோபுர நிழல் நீண்டு நாங்கள் நடும் இடத்துக்கே வந்தது. வரப்பில் நின்ற மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். திருப்புட்குழிக்காரர். அங்கே பெருமாள் கோயில் கோபுர நிழலை மிதிக்கவிடாமல் அவரை வளர்த்தார்களாம்.

"எந்த சாமி கோபுரமா இருந்தா இன்னா? நெயலு மேல சேத்துக் காலோட நிக்கக் கூடாது. ஏறுங்கடி."

நமக்கு அப்படி வழக்கம் இல்லை. கட்டடம் கல்லும் சுண்ணாம்பும்தான் என்று போதகரே சொல்லியிருக்கிறார். நானும் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த எஸ்தர் அக்கா கிள்ளினாள். "வூட்ல புள்ள அய்துகினு கீது. வாய மூடிக்கினு ஏறு."

வெளிச்சத்திலேயே வீடு வந்து பால் கொடுத்தேன். குடித்தபடியே தூங்கிவிட்டான்.

புதன்
வெயில். எறும்புக் கடி, கால் வீக்கம்.

நிலத்துக்காரருக்குச் சேதி போய்விட்டது. சாயங்காலம் அவரே வந்தார். நிழலுக்குப் பயந்து வேலையை நிறுத்துவதா என்று கத்தினார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, நீங்களே இறங்கி இவளுங்களை அந்த நிழலில் நிறுத்துங்கள் என்றார். எங்களை மாற்றிவிட வேறு கழனிக்கும் இன்னும் தண்ணீர் பாயவில்லை.

நிலத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வெளிச்சத்திலேயே நாங்களும் ஏறினோம். கல்லும் சுண்ணாம்பும்தானா?

வியாழன்
விடிந்ததிலிருந்து மோடம், வெயிலே இல்லை. தண்ணீரில் கோபுரமும் இல்லை, கழனியில் நிழலும் இல்லை. நேற்றுத் திட்டு வாங்கிய மேஸ்திரி இன்று எங்களை இருட்டும்வரை விடமாட்டார் என்று பேசிக்கொண்டோம். மத்தியானமே மார் கனத்தது. பிள்ளை நினைப்பு.

சாயங்காலம் மேஸ்திரி கோபுரத்தைப் பார்த்தார், கழனியைப் பார்த்தார். மறுபடி கோபுரத்தை. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"மோடம் மூடிக்கினு கீது, அவ்ளோதான். நெயலு இந்நேரம் இங்கதான் கீது. ஏறுங்கடி."