அறுபத்துநாலு விளக்குப் பெட்டி

காமயகவுண்டன்பட்டி
11.2.2009

அன்பு மருமகள் அபிதாவுக்கு மாமன் குருசாமி எழுதுவது. இங்கன நானும் உன் அத்தையும் சுகம்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். நாலு வருஷத்துக்கு முன்பு நான் கச்சேரியில் வாசிக்க நீ அந்த அறுபத்துநாலு பட்டன் தாளப்பெட்டியை வாங்கி அனுப்பினாயே, அன்றைக்கே நம்ம கலைக்குழு முன்னால், "பொட்டி நல்ல பொட்டி, ஆனா வெளக்கு நிக்காதுப்பா" என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? போன வாரம் கெங்குவார்பட்டிக் கச்சேரியில் பட்டனுக்கு அடியில் எரிகிற விளக்கெல்லாம் மங்கி விட்டது. பந்தலில் பத்தாயிரம் பேர். குறைத்துத்தான் சொல்கிறேன். ஒரு பொம்பளை எழுந்து, "ஏய்யா, ஒங்க பொட்டி வெளிச்சத்தப் பாக்கத்தானே மாட்டக்கூட கட்டாம வந்தேன்" என்று அழுதுவிட்டது.

கம்பத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற சண்முகராஜிடம் கொண்டுபோனேன். "அண்ணே, வெளக்குல கோளாறு இல்ல. அதுகள எரிய விடுற சில்லு, ஐ.சி.ம்பாக, அது பழசு. நெறைய ஒண்ணா எரிஞ்சா மங்கிரும். மாத்து ஐ.சி. இங்கன கெடைக்காது" என்றார். நான் மனசில் நினைத்ததையே சொல்லிவிட்டார்.

நீ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருப்பவள். பளிச்சென்று எரிகிற ஐ.சி. ஒன்று அனுப்பு. பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் வேண்டும். முக்கியமாக, ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று தாளக் கணக்குக்கு ஓடுகிற விளக்கு வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

போன் பண்ணாதே. வீட்டில் டவர் கிடைப்பதில்லை. கடுதாசிதான் தோது. கல்யாணத் தேதி குறித்தாயிற்றா? பந்தலில் நம்ம கச்சேரிதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் பிரியமுள்ள மாமன்
குருசாமி

*

பெங்களூர்
19.2.2009

அன்புள்ள மாமாவுக்கு, அபிதாவின் வணக்கம்.

ஐ.சி. கிடைத்தது. கைகாவலுக்கு ஒன்று சேர்த்து இரண்டாக அனுப்புகிறேன். பழையதை நெம்பி எடுத்துவிட்டு, அது பொருந்தியிருந்த அதே பேஸில் உட்கார வைக்கலாம். கால்கள் ஒரே கணக்குத்தான். ஐ.சி.யின் ஒரு முனையில் நகத்தால் கிள்ளியது போல ஒரு பள்ளம் இருக்கும். பேஸில் இருக்கும் பள்ளமும் அதுவும் ஒரே பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் கருகிவிடும்.

தேதி கேட்டிருக்கிறீர்கள். மாமா, டிசம்பரில் உங்களுக்குப் போன் செய்தேன். "போடி ஊரு மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திட்டாக மாமா, கல்யாணம் இல்ல" என்று சொன்னேன். அம்மாவுக்குக்கூட அப்போது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள், "ரொம்ப சந்தோசம் ஆத்தா! ஜமாய்ச்சிருவோம்!" என்றீர்கள். ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் இதைப் பேச வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்ததும் நான்தான். இப்போது தேதி வேறு கேட்கிறீர்கள். என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.

அபிதா

*

காமயகவுண்டன்பட்டி
8.3.2009

அன்பு மருமகளுக்கு,

ஐ.சி. வந்தது. புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் சும்மா எடுத்து மாட்ட முடியுமா? சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் சுற்றித்தான் மாட்டினேன். சந்தனம் நீ சொன்ன பள்ளத்தில் போய் அடைத்துக்கொண்டது. எது தலை, எது கால் என்று யாருக்குத் தெரியும்? சுவிட்சைப் போட்டதும் ஒரு புகை வந்தது பார், அப்படியொரு வாசனை. கம்பத்துக்குத் தூக்கிப் போனேன். சண்முகராஜ் தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணே, இதென்ன லாரியா, பொட்டு வைக்க?" என்றார். இரண்டாவதை அவரே பொட்டில்லாமல் மாட்டினார். இப்போது எரிகிறது, வைகை அணை மின்சாரம் மொத்தமும் நம்ம பெட்டிக்குள் வந்த மாதிரி.

போடி விஷயம் எனக்குத் தெரியாததா? நிச்சயதார்த்தத்தன்றே அந்தச் சம்பந்தம் நிற்கும் என்று கணித்துவிட்டேன். பீடை ஒழிந்தது என்றுதான் சந்தோஷம் என்றேன். தேதி கேட்டது வேறு மாப்பிள்ளைக்கு. ஆண்டிபட்டியில் பார்த்து வைத்திருக்கிறேன். இன்ஜினியர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீடு. பெயர் சுயம்புலிங்கம்.

மாமன்
குருசாமி

*

பெங்களூர்
17.3.2009

மாமாவுக்கு,

அம்மா ஆண்டிபட்டியில்தான் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு வீடாக விசாரித்தாள். அந்தப் பெயரில் இருப்பவர் ஒருவர்தான். எழுபது வயது, டீக்கடை வைத்திருக்கிறார். அம்மா அவமானத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

நேற்று உங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நாகராஜைப் போனில் பிடித்தேன். உங்கள் வீட்டிலிருந்துதான் பேசினான். டவர் நன்றாகவே இருந்தது. அவன் சொன்னான்: "ஒத்திகையில நாங்க பாட்ட நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டோம் அக்கா. மாமா தம்பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்காக. அந்த வெளக்கு ஓட்டம் நின்னாத்தான் அவுகளும் நிறுத்துறாக. கமிட்டில பேச்சு வந்துருச்சு. திருவிழாவுக்கு வேற ஆளப் போடலாமாங்குறாக."

எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், கணிப்பும் வேண்டாம். டிசம்பரில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? அதை மட்டும் எழுதுங்கள். இதற்கும் ஒரு கதை வந்தால், இனி உங்கள் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

அபிதா

*

காமயகவுண்டன்பட்டி
6.4.2009

ஆத்தா அபிதா,

திருவிழா முடிந்தது. என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கமிட்டித் தலைவர் அம்மாவாசி கடைசி வரை முறைத்துக்கொண்டே நின்றார். புது ஐ.சி. போட்ட பெட்டி எரிந்த எரிப்பில் சீரியல் லைட்டெல்லாம் வெட்கப்பட்டுப் போயின. ஒரு தாளம் பிசகவில்லை. கூட்டம் மூன்று தடவை ஒன்ஸ்மோர் கேட்டது. மூன்றாவது சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் குமுளி வரை கேட்டிருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விழவில்லை ஆத்தா.

ஐப்பசியில் இடது காது. அடுத்த மாதமே வலதும் முக்கால்வாசி போனது. அன்றைக்கு நீ பேசியதில் "மாப்பிள்ளை வீட்டுல" என்பதும் "கல்யாணம்" என்பதும் மட்டும் எட்டியது. இந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு மாமன் வேறு என்ன சொல்வான்? உன் கடிதம் பார்த்த அன்றைக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை இன்ஜினியரைத்தான் எழுதியது.

தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார வைத்து மூடிய மாதிரி இருக்கிறது. உள்ளேயிருந்து எல்லோரையும் பார்க்கிறேன். சண்முகராஜ் சொன்னதாக எழுதியதுகூட அவர் வாயைப் பார்த்து ஊகித்ததுதான். அவர்கள் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். உன் அத்தை கூப்பிட்டு நான் திரும்பாததால், எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சை விட்டுவிட்டாள். செவிடன் என்று தெரிந்தால் தாளத்துக்கு வைத்துக்கொள்வார்களா? அதனால்தான் வெளிச்சம் கேட்டேன். அந்த வரிசை ஓடினால் நான் தப்பித்தேன். நின்றால் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது.

சித்திரையில் லீவு போட்டு வா. மதுரையில் காது டாக்டரிடம் கூட்டிப் போ. உன் கல்யாணம் நின்ற கதையை இன்னொரு தடவை எனக்குச் சொல்லு. பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லு. உன் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மேலே ஒன்ஸ்மோர் என்று எழுதினேன் பார், அது நானாக எழுதியது. கடைசிப் பாட்டில் விளக்கு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேர் வாயும் திறந்திருந்தது. ஒன்ஸ்மோர்தான் கேட்டார்களா, திட்டினார்களா, தெரியவில்லை ஆத்தா. எழுந்து கும்பிட்டு வைத்தேன்.

மாமன்
குருசாமி