உன்னை நான் அழைத்த பெயர்

முப்பது வருடம் உன்னைச் 'சக்காய்' என்று அழைத்தேன். அது தவறு. இன்று காலை மருமகள் மிளகாய்ச் சம்பலுக்குப் பெத்தாய்க் காய் உரித்தாள். அந்தக் காட்டமான வாடை வீடெங்கும் பரவியதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாலோ ஊர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து பெத்தாய்க் கொத்துகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, குளுவாங் சந்தையில் என் காய்கறிக் கடைக்கு வருவாய். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு காடு வெட்டிப் பழகிய தமிழ் உன்னுடையது. "அண்ணே, இன்னிக்கு காய் நல்லா முத்திருச்சு. பல்லு இல்லாத கெழவனுக்குக் குடுத்துறாதீங்க, நம்மள ஏசுவான்" என்பாய். நான் அட்டையில் பெரிதாகச் 'சக்காய் பெத்தாய்' என்று எழுதிக் குத்தி வைப்பேன். சக்காய் என்றால் காட்டுப் பூர்வகுடி ஆள்; அவர்கள் பறித்தது என்றால் ஜனங்கள் தேடி வந்து வாங்குவார்கள். அந்த அட்டைக்குக் கீழேயே நின்று நீ காய்களை அடுக்கித் தந்தாய்.

சந்தை மேற்பார்வையாளர் ஒருமுறை, எங்கள் இனத்தை மட்டந்தட்டும் சொல்லால் என்னைக் 'கிளிங்' என்றார். கடையை மூடிவிட்டு அவர் அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தேன். "பழைய வார்த்தைதானே, கலிங்கத்துல இருந்து வந்த பேரு. அதுல என்ன கெட்டது?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவன் நான். ஆனாலும் தேடிப் படித்து வைத்திருந்தேன். "அப்ப பேரு, இப்ப ஏச்சு. எப்ப மாறுச்சுன்னு கூப்பிடறவன் சொல்லக்கூடாது, வாங்கிக்கிறவன்தான் சொல்லணும்" என்றேன். மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மூன்று நாளும் நீ என் பக்கத்தில் இருந்தாய். வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாருங்க, நம்ம சக்காய்கூட எனக்காக வந்து குந்தியிருக்கான் லா." நீ தரையைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ இறந்த செய்தி கேட்டு உன் கிராமத்துக்கு வந்தேன். ஒரு வாசலில் நின்ற பெண்ணிடம், "சக்காய் வீடு இதானே?" என்று மலாய் மொழியில் கேட்டேன். அவள் உன் மகள்.

"எங்க ஆளுங்கள அப்படிக் கூப்பிடாதீங்க அங்கிள். அடிமைன்னு ஏசுற மாதிரி இருக்கு."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பழைய வார்த்தைதானம்மா. சர்க்கார் காயிதத்துலயே அப்படித்தான் போட்டிருந்தான். அதுல என்ன கெட்டது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது.

அவள் கத்தவில்லை. "அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் அங்கிள். உங்க அட்டைய தினமும் படிச்சாரு" என்றாள். பிறகு, "அவரு பேரு என்ன, சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.

"உங்கள அண்ணேன்னுதான் சொல்வாரு. உள்ள வாங்க" என்று வழி விட்டாள். உள்ளே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைக் கேட்காமலே திரும்பினேன்.

யாரிடமும் பணிந்து போனவன் அல்ல நான். மேற்பார்வையாளர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தது சரி என்றே இன்றும் சொல்வேன். அதைச் சொல்லும்போதெல்லாம் என் பக்கத்தில் நீ தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கூடவே தெரிகிறது.

இப்போது கடையைப் பார்க்கும் என் மகன், அட்டையில் பெத்தாய் என்று மட்டும் எழுத வேண்டும். பழைய பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை, அவர்கள் வேறு கடைக்குப் போனாலும் சரி, அவன் திருத்த வேண்டும். கிளிங் என்ற சொல்லுக்காகத் தமிழர் சங்கக் கூட்டங்களில் மேடையேறும் நாங்கள், மற்றவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களையும் அதே மேடையில் சொல்லியாக வேண்டும். நான் மறுபடி உன் வீட்டுக்குப் போய் உன் பெயரைக் கேட்க வேண்டும். உன் மகள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் சொல்ல மறுத்தால், அதையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.