பில்டரில் சுற்றிய பட்டு நூல்

சின்ன காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள யுவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் ஏதோ இருக்கிறோம், நீயும் ஜெயப்ரியாவும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வரதர் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதமாக எழுதி, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போன முறை தோஹாவிலிருந்து வந்தபோது, பழசை விட்டுட்டு இதப் புடிங்கப்பா, இதுல நிகோடின் கம்மி என்று மைல்ட் சிகரெட் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, பிள்ளை பேச்சைக் கேட்டு மாறிவிட்டாரே என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். ஆனால் பெட்டிகள் சீக்கிரமே தீர்ந்து, அதே மாதிரி இங்கே கடையில் வாங்க ஆரம்பித்தார். தறியில் உட்கார்ந்தவர் ஒரு முழம் நெய்வதற்குள் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். கேட்டால், இது மைல்டு, ஒண்ணும் பண்ணாது போ என்பார்.

செவ்வாய்க்கிழமை கொல்லையைப் பெருக்கும்போது முருங்கை மரத்தடியில் அவர் பிடித்துப் போட்ட துண்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பில்டரிலும் அரக்குப் பட்டு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ஜெயப்ரியா வளைகாப்புக்கு நெய்கிறாரே, அந்தச் சேலையின் மிச்ச நூல். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, அள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவரிடம் நீட்டினால், சும்மா இழுத்தா காத்துதான் வருது, நூல் சுத்தினாத்தான் கொஞ்சம் புடிப்பா இருக்குது என்று கூசாமல் சொல்கிறார். அவர் இருமலுக்குக் காட்டக் கூட்டிப்போனபோது ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் டாக்டர் சுகாசினியிடம் காட்டினேன். பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் இருக்கின்றனவாம், அது வழியாகக் காற்று கலப்பதால்தான் மைல்டாகத் தெரிகிறதாம். இந்த மனுஷன் அத்தனையையும் அடைத்துவிட்டு முழுப் புகையையும் இழுத்திருக்கிறார். அடைக்கலைன்னாலும் ஒடம்பு பழகின அளவைக் கேக்கும்மா, கிடைக்கலைன்னா ஆழமா இழுக்கும், அடிக்கடி இழுக்கும், விடுறது ஒண்ணுதான் வழி என்றார் டாக்டர். அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்து, நுரையீரல் கெட ஆரம்பித்திருக்கிறது, இப்போதே விட்டால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா மைல்ட் பெட்டியைக் குப்பையில் போட்டார், அப்பாடா என்றிருந்தேன். சாயந்திரம் பார்த்தால் சட்டைப் பையில் பழைய சிகரெட். இது ஸ்ட்ராங்கு, ஒண்ணே போதும் என்கிறார்.

உன்மேல் குறையில்லை கண்ணா, நல்லதென்று நினைத்துத்தான் கொடுத்தாய். விடுவதற்கு மருந்து தருகிறேன் என்று டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், இருமலுக்கு வந்தவர் இதற்கு நான் கூப்பிட்டால் வரமாட்டார். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க அவருக்கு மூச்சு வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெயப்ரியா வேளைக்குச் சாப்பிடட்டும், வெயிலில் அலைய வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். நீ மாறச் சொன்னாய், மாறினார். விடச் சொல்வதும் நீயாகவே இருக்கட்டும்.

உன் அம்மா,
தேவகி